பிராக் கிளெமெந்தினும்: பரோக் நூலகத்தையும் வானியல் கோபுரத்தையும் முதன்முறை பார்ப்பது எப்படி?

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில், சார்லஸ் பாலத்தின் பழைய நகர முனைக்கு அருகிலேயே கிளெமெந்தினும் வளாகம் இருக்கிறது. 1556-இல் அந்நகருக்கு வந்த இயேசு சபையினர் (வீரமாமுனிவர் சார்ந்திருந்த அதே சபை) இங்கே கல்லூரியை நிறுவி, படிப்படியாக விரிவாக்கினார்கள். இன்று இது செக் தேசிய நூலகத்தின் இருப்பிடம். பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டுகளின் அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கலைப்பாணி) நூலகக் கூடத்தையும் கோபுரத்தையும் வழிகாட்டியுடன் சிறு குழுவாகத்தான் பார்க்க முடியும். சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே எங்கே எதைப் பார்ப்பது என்று முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

படி 1: சீட்டும் நேரமும்

புறப்படுவதற்கு முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் எந்தப் பகுதிகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். பழமையான கட்டடம் என்பதால் சீரமைப்புக்காகச் சில அறைகள் மூடப்படுவது உண்டு. செக் மொழி தெரியாதவர்கள் ஆங்கில வழிகாட்டி உள்ள சுற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்தூக்கி கிடையாது, கோபுர உச்சிவரை 172 படிகள், அவற்றில் பல குறுகலானவை, செங்குத்தானவை. மூட்டு வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்த்தே சீட்டு வாங்குவது நல்லது.

படி 2: சென்று சேர்தல்

மெட்ரோவின் ஏ தடத்தில் ஸ்தாரோமியெஸ்த்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். உள்ளே நுழையும் முன் முற்றத்தில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் வானக் கோளத்தைத் தோளில் சுமக்கும், கிரேக்கப் புராண மாந்தரான அட்லஸின் சிலை தெரியும். மேலே போன பிறகு அது தலைக்கு மேல் இருப்பதால் சரியாகக் கண்ணில் படாது.

படி 3: நூலகக் கூடம்

1722-இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கூடத்தை வாசலில் நின்றபடி பார்க்க மட்டுமே அனுமதி. புகைப்படம் எடுக்கவும் கூடாது. நூல்களைக் காக்கும் நோக்கில் விதிக்கப்பட்ட இந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நியாயமானது என்பதே என் கருத்து. கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, முதலில் கூரையைப் பாருங்கள்: யான் ஹீப்ல் வரைந்த சுவரோவியங்களின் நடுவே, மேலே உண்மையிலேயே ஒரு குவிமாடம் திறந்திருப்பதுபோல் தோன்றும் பகுதி உண்டு. பிறகு பார்வையைக் கீழிறக்கினால், முறுக்கிய மரத்தூண்கள் தாங்கும் மேல்தளமும், கூடத்தின் நடுவே வரிசையாக நிற்கும் பூமியையும் விண்மீன் வானத்தையும் காட்டும் உருண்டைகளும் தெரியும். அலமாரிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இறையியல் நூல்கள் இருக்கின்றன. முதுகு வெள்ளையாகவும் அதில் சிவப்புக் குறியோடும் இருப்பவை, 1773-இல் சபை கலைக்கப்படுவதற்கு முன்பிருந்தே இங்குள்ள நூல்கள். அவற்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

படி 4: நடுப்பகல் அறை

பலரும் வேகமாகக் கடந்துவிடும் இந்த அறைக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். இருட்டாக்கப்பட்ட அறையின் சுவரில் ஒரு சிறு துளை. தரையில் வடக்கு தெற்காக இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. துளை வழியே விழும் சூரிய ஒளிப்பொட்டு மெல்ல நகர்ந்து கம்பியைத் தொடும் கணமே பிராக்கின் உண்மையான நடுப்பகல். 1842 முதல் அந்தக் கணத்தில் கோபுரத்திலிருந்து கொடி அசைத்து நகரத்துக்கு நேரம் அறிவித்தார்கள். பின்னாளில் அந்தக் கொடியைக் கண்டு பீரங்கியும் முழங்கியது.

உங்கள் கைக்கடிகாரத்தின் பன்னிரண்டு மணியோடு இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.46 மணியளவிலும், பிப்ரவரி நடுவில் 12.16 மணியளவிலும் அமைகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், ஏறத்தாழ ஒரு மணிக்குத்தான் நடுப்பகல் வரும். வெயிலுள்ள நாளில் அந்த நேரத்தை ஒட்டிய சுற்று கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அறையில் உள்ள பெரிய சுவர்க் கால்வட்டக் கருவிகளையும் தவறவிடாதீர்கள். வானப்பொருள்கள் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதை அளக்க உதவியவை அவை.

படி 5: கோபுரம்

ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முன்னால் செல்பவருக்குச் சற்று இடைவெளி விட்டு ஏறுங்கள். கோபுரத்தின் உயரம் 68 மீட்டர். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோசப் ஸ்டெப்லிங் என்ற இயேசு சபைத் துறவி இங்கே வானாய்வு நிலையத்தை உருவாக்கினார். இவ்வளாகத்தில் 1775 முதல் வானிலை அளவீடுகள் தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. ஐரோப்பாவின் நீண்ட வெப்பநிலைத் தொடர்களில் இதுவும் ஒன்று.

காட்சி மாடத்தில் முதலில் மேற்கே திரும்புங்கள். வல்தாவா ஆற்றுக்கு அப்பால் பிராக் கோட்டை தெரியும். கிழக்கே தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். படம் எடுப்பதற்கு இதுவே ஏற்ற இடம். இறங்கியதும் நேரமிருந்தால் வளாகத்தின் தெற்கே ஓடும் கார்லோவா தெருவில் நடந்து பாருங்கள். 1607 முதல் 1612 வரை வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர் குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது.