தாத்தாவின் டாடா மொபைலை மறுபடி ரோட்டில் இறக்குவது எப்படி

முதல் வேலையாக வண்டியைக் கழுவிவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். அமைந்தகரையில் எங்கள் வீட்டுச் சந்தில் ஆறு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்த தாத்தாவின் காய்கறி வண்டியை, 1993 மாடல் டாடா மொபைல் 206 பிக்கப்பை, எடுத்த எடுப்பிலேயே வாட்டர் சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே அடித்த தண்ணீரில், சன் வைசருக்குப் பின்னால் அவர் இங்க் பேனாவால் எழுதி வைத்திருந்த மூட்டைக் கணக்கு பாதி கரைந்துவிட்டது. கோஸ் 22, கத்தரி 14, அதற்குக் கீழே வெறும் நீலக் கறை.

அதனால் முதலில் போன் கேமராவை எடுங்கள். டேஷ்போர்டு, பின் கதவு எழுத்து, பெடல், கயிறு கட்டிக் கட்டித் தேய்ந்த கொக்கி, ஒயர் போகும் வழி என்று எல்லாவற்றையும் படமெடுங்கள். சீட்டுக்கு அடியில் கிடைக்கிற சீட்டு, ரசீது, சில்லறையை ஒரு கவரில் போடுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து எதைத் தொடக்கூடாது என்று பேசி முடியுங்கள். பட்டறைக்குப் போனபின் இதை யோசிக்க நேரம் இருக்காது. எங்கள் பட்டியலில் தேய்ந்த கிளட்ச் பெடல், ஸ்டியரிங், பின் கதவில் 'முருகன் துணை', இடது பக்கம் பழைய காய்கறி மார்க்கெட் இருந்த கொத்தவால் சாவடிச் சந்தில் வாங்கிய நசுங்கல் ஆகியவை இருந்தன. (மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனபிறகு அவருக்கு அவ்வளவு குறுகலான சந்து வாய்க்கவில்லை, நசுங்கலும் வாங்கவில்லை.) டிரைவர் சீட்டையும் அப்படியே வைக்கலாம் என்றேன். ஆயா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அத மாத்துடா, அந்த மனுஷனுக்கு முதுகுவலியே அதாலதான்."

அடுத்து பேப்பர். காசு செலவழிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள், ஏனென்றால் ஆர்.சி. இறந்தவர் பெயரிலேயே இருந்தால் நீங்கள் எவ்வளவு அழகாக ரெடி பண்ணினாலும் அது சட்டப்படி உங்கள் வண்டி இல்லை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. நம்மில் பலர் அந்த நேரத்தில் காரியம், திதி என்று இருப்போம். தாமதத்துக்கான அபராதத்தைக் கட்டி நேர் செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடன் எப்போதோ முடிந்திருக்கும், பெயரை மட்டும் யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். அதற்குப் படிவம் 35 வேண்டும். வரி பாக்கி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) விட்டுப்போனது எல்லாவற்றையும் இதோடு கணக்குப் போட்டுவிடுங்கள். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு பற்றி யாராவது சொல்வார்கள். அது 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, நமக்கு இல்லை.

இந்தச் சமயத்தில் சேஸிஸ் நம்பர் மேல் ஒரு தாள் வைத்து பென்சிலால் தேய்த்து இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது என்று பட்டறையில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

சரி, இப்போது இன்ஜின். சாவி போட்டு உடனே செல்ஃப் அடிக்க ஆசை வரும், வேண்டாம். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள், அப்புறம் நியூட்ரலில் போட்டு, முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் நிம்மதி, சுற்றாவிட்டால் பலம் காட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய டீசலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றுங்கள். ஃபில்டரில் ஆரம்பித்து நாசில் பைப் வரை ஏர் எடுத்த பிறகுதான் (டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகுதான்) செல்ஃப். பக்கத்தில் ஒரு பலகை இருக்கட்டும். டீசல் இன்ஜின் சில சமயம் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் சுற்றும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைத்தால் நிற்கும். கையை மட்டும் வைக்காதீர்கள்.

பிரேக்கில் பேரமே கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நின்ற வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளுக்குள் அரித்துவிடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனிங் எல்லாம் புதிது போடுங்கள். டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம் செய்தது.

உண்மையான செலவு துருவில்தான் இருக்கிறது. சென்னையின் உப்புக் காற்று போதாதென்று, காய்கறி வண்டியில் மூட்டையிலிருந்து வடிகிற தண்ணீர் பலகைக்கு அடியில் போய்த் தேங்கும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் தகடு அப்பளமாகியிருக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் சேஸிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்கும், அழுகியது 'டொப்' என்கும். துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் ஓட்டுங்கள், ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை. கால் வைக்கும் இடத்து ரப்பர் மேட்டைக் கிழித்தாவது எடுத்துப் பாருங்கள். எனக்கு அதற்கடியில் நேராகத் தெரு தெரிந்தது.

டிங்கர் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ஆகுற காசுல ஒரு செகண்ட்ஸ் குட்டியானை வாங்கிடலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் எனக்கு வண்டி தேவைப்படவில்லை, இந்த வண்டி தேவைப்பட்டது. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் வேலையும் வேறு மாதிரி நடக்கும்: ஓட்டைமேல் தகடு ஒட்டிப் பட்டி பூசாமல், அழுகியதை வெட்டியெடுத்து அதே கனத்தில் புதுத் தகடு வைத்து சி.ஓ.டூ வெல்டிங் அடிப்பார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி வையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளை யாரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் வேஸ்ட் ஆயில் அடித்தால் துரு வராது என்பார்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறி உப்பிவிடும், நான் அடிக்க விடவில்லை.

சாமான்களுக்குச் சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு தடவை அலைவீர்கள். 206-ஐ அடித்தளமாக வைத்துத்தான் சியாரா, எஸ்டேட், 1994-ல் சுமோ எல்லாம் வந்தன. அதனால் 'டாடா மொபைல்' என்று கேட்டு இல்லையென்றால் 'பழைய சுமோ' என்று கேளுங்கள், இன்ஜின் சாமான் பெரும்பாலும் கிடைத்துவிடும். கைப்பிடி, கண்ணாடி, விளக்குக் கூடு மாதிரியானவை பழசே போதும். ரப்பர், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதுவும் பழசு வேண்டாம். முழு இன்ஜின் வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீர்கள், ஆர்.சி.யில் நம்பர் மாற்ற வேண்டியிருக்கும்.

பெயிண்டை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தொடாதீர்கள். மழை ஈரத்தில் பெயிண்ட் வெளுத்துப்போய்ப் பால் கொட்டின மாதிரி ஆகிவிடும். பொங்கல் முடிந்து ஆரம்பிப்பது நல்லது. நான் வேலை கொடுத்த இடத்தில் ஒரு பையன் பட்டியல் தெரியாமல் 'முருகன் துணை'யைத் தேய்த்தே எடுத்துவிட்டான். போட்டோ இருந்ததால் பிழைத்தேன். போர்டு எழுதும் ஒரு பெரியவர் அதைப் பார்த்து, அந்த 'ரு'வின் கோணல் உட்பட எழுதிக் கொடுத்தார்.

எஃப்.சி.க்குப் போகும்போது இண்டிகேட்டர், ஹார்ன், பின் ரிஃப்ளெக்டர், வைப்பர் எல்லாம் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பெரிய வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒரு பல்புக்காகத் திரும்பி வருவது கடுப்பு. பிரேக் இன்ஸ்பெக்டர் நசுங்கலைப் பார்த்து "இத ஏன் விட்டீங்க?" என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டிவிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொன்னார்.

முதல் லோடாக எதையும் ஏற்றாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டி, வீல் நட்டுகளை மறுபடி இறுக்கி, கீழே ஒழுகல் இருக்கிறதா என்று அட்டைப் பெட்டி விரித்துப் பாருங்கள். அதன் பிறகு ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு ஆயாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கோயம்பேட்டுக்குப் போனோம். புது சீட்டைத் தட்டிப் பார்த்தார். வைசரை இறக்கி அந்த நீலக் கறையைப் பார்த்து, "கீழ கேரட் 9 இருந்துச்சு" என்றார்.