எண்ணை மாற்றியும் நீர்மட்டம் அசையவில்லை

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மழைநீர் வடிகாலை எஸ்டபிள்யூஎம்எம் (SWMM) என்ற மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருளில் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். கான்கிரீட் வாய்க்கால் என்பதால் மேனிங் சொரசொரப்பு எண் (வாய்க்காலின் பரப்பு நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண்) 0.015 என்று கொடுத்திருந்தேன். ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் பதிந்திருந்த சேற்றுக்கோடு கணக்கைவிட ஒரு முழம் மேலே நின்றது.

இறங்கிப் பார்த்தேன். கணுக்கால் புதையும் வண்டல், அதன்மேல் சம்பும் ஆகாயத்தாமரையும். சரி, மென்பொருளில் வாய்க்காலைக் குறிக்கும் கான்ட்யூட்டில் 0.05 என்று மாற்றி ஓட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை! இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

விஷயம் இதுதான்: வாய்க்காலுக்கு அளந்தெடுத்த குறுக்குவெட்டைக் கொடுத்திருந்தால், கான்ட்யூட்டில் எழுதும் எண்ணை மென்பொருள் எடுத்துக்கொள்ளாது, அந்தக் குறுக்குவெட்டைப் பதியும் டிரான்செக்ட்டில் இருக்கும் எண்தான் செல்லும். என்னுடையதில் அங்கே பழைய 0.015 அப்படியே கிடந்தது. நடுப்பகுதிக்கு 0.05 கொடுத்து, கரைகளை அப்படியே விட்டேன். அதே ஆழத்தில் நடுப்பகுதியின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் என்பதால் மட்டம் ஏறி, சேற்றுக்கோட்டை ஒட்டி வந்தது.

இப்போதெல்லாம் தூர்வாரும் முன் ஒன்று, வாரிய பின் ஒன்று என இரண்டு ஓட்டம் ஓட்டுகிறேன். கரையோர வீடுகளின் தரைமட்டத்தை முதல் ஓட்டத்தின் நீர்மட்டத்தோடுதான் ஒப்பிடுகிறேன்.