வலியைச் சொல்லும்போது மனசையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் உடம்பு வலி விடவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் விரலை மடக்கவே நேரமாகும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பாதம் மரத்துப்போய் எரியும். இதோடு மனச்சோர்வும் சேர்ந்தால் அதே வலி இரட்டிப்பாகத் தெரியும். இது பிரமை இல்லை. மூளை வலியை மட்டுப்படுத்துவதில் செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. மனநிலையிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ராத்திரி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், பக்கத்திலேயே தூக்கம் எப்படி, அன்றைக்கு எதிலாவது மனசு போனதா என்று ஒரு வரி. "பூ தொடுக்கப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் போதும். இரண்டு வாரம் பெரும்பாலான நாள் இப்படியே போனால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கடலூரிலிருந்து பஸ் பிடித்து கோரிமேடு ஜிப்மர் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். அதனால் ஒரு சீட்டில் "வலி 7, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை" என்று எழுதி, உட்கார்ந்ததுமே நீட்டுங்கள். மகன் கூட வந்தால் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் நம் வாயில் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் வரும்!

மனச்சோர்வு மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். டமாக்சிஃபன் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். டுலாக்சிடின் என்ற இன்னொரு மாத்திரை மனச்சோர்வுக்கும் கீமோவால் வந்த கால் எரிச்சலுக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், சட்டென்று நிறுத்தவும் கூடாது.

மூட்டுவலிக்கு நடை நல்லது. சில்வர் பீச்சுக்குப் போனால் மணலில் இறங்காமல் ரோட்டிலேயே நடங்கள். பாதம் மரத்தவர்கள் வெயில் ஏறிய பிறகு பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் சுற்ற வேண்டாம். சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

செத்துவிடலாம் போலிருந்தால் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், 14416க்குப் போன் போடுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அப்புறம், புதிதாக ஓரிடத்தில் வலி தொடங்கி நாளுக்கு நாள் கூடினால் மனசு சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.