ஸ்பிரிங் ஏர் ரைபிளை 50 மீட்டர் இலக்குக்குத் தயார் செய்வது எப்படி?

புது ஏர் ரைபிள் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. மாட்டிச் சுட்டுப் பார்த்தால் குண்டு ஒரு பக்கம் போகும், குறி ஒரு பக்கம் இருக்கும். உடனே ஸ்கோப்பை மாற்றுவார்கள், அதுவும் சரிவராது. கோளாறு பெரும்பாலும் ஸ்கோப்பில் இருக்காது. லூசாக இருக்கும் ஒரு திருகில் இருக்கும், அல்லது ரைபிளைப் பிடிக்கும் விதத்தில் இருக்கும். அதனால் இங்கே ஸ்கோப் வேலை பாதி வழியில்தான் வருகிறது.

எடுத்துக்கொண்டிருப்பது 0.177, அதாவது 4.5 மி.மீ. குழல் கொண்ட, மடக்கித் திறக்கும் சாதாரண ஸ்பிரிங் ரைபிள். ஒலிம்பிக்கில் 10 மீட்டருக்குப் பயன்படுவது வேறு ஜாதி: அழுத்தக் காற்றில் இயங்கும், உதை கிடையாது, ஸ்கோப்பும் கிடையாது. நம்முடையது உதைக்கும்.

முதலில் சட்டம்

இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 0.54 கிராம் பெல்லட் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 15.5 ஜூல் வரும். இதே பெல்லட் 275 மீட்டர் வேகத்தைத் தொட்டால் எல்லை தாண்டிவிட்டது. ‘பவர் ஸ்பிரிங்’ மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, கடினமான ஸ்பிரிங் உதையைக் கூட்டிக் குறியையும் கெடுக்கும்.

பெட்டியின் மேல் வேட்டைப் படம் போட்டிருக்கலாம். இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. காகித இலக்கு, தகர டப்பா, அவ்வளவுதான்.

மும்பையில் இருப்பவர்களுக்குப் பெரிய கேள்வி, எங்கே சுடுவது? செம்பூரிலோ மாட்டுங்காவிலோ சொசைட்டி மொட்டைமாடியில் கண்டிப்பாகக் கூடாது. தடுப்பு இல்லாமல் போன பெல்லட் 300 மீட்டருக்கு மேலும் போகும். கிளப் ரேஞ்சில் சுடலாம். நகருக்கு வெளியே கர்ஜத், முர்பாட் பக்கம் தெரிந்தவர் பண்ணையில் மண்மேடு இருந்தால் அங்கே சுடலாம். கொண்டுபோகும்போது உறையில் போட்டு, பில் நகலும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். லோக்கல் ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவது வம்பை விலைக்கு வாங்குவது.

வாங்க வேண்டியவை

ஆலன் கீ செட், நீல நிற த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை), ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நைலான் தூண்டில் நூல், பழைய பருத்தி பனியன் ஒன்று, சின்ன ரசமட்டம், தூக்குக்குண்டு. பனியனைத் தவிர மற்றவை பெரும்பாலும் மும்பை நாக்தேவி தெருவில் கிடைக்கும். பெல்லட் எடை பார்க்க 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்றது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டுச் சுட வேண்டாம்.

திருகுகள்

ஸ்டாக்கின் (ரைபிளைத் தாங்கும் கட்டை) முன்பக்கம் இடதும் வலதும் ஒவ்வொரு திருகு, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ. குறி தவறுவதற்கு முதல் காரணம் இவைதான். ஸ்பிரிங் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதிர்வு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, திருகையும் துளையையும் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் த்ரெட்லாக்கர் பிடிக்காது. ஒரே ஒரு சொட்டு விட்டு, இடது கொஞ்சம் வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஆலன் கீயின் நீளக் கையைப் பிடித்து முறுக்கினால் மர ஸ்டாக் நசுங்கும். குட்டைக் கையை விரலால் பிடித்து, இனி போகாது என்கிற இடத்தில் நிறுத்தினால் போதும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். சிவப்பு நிற த்ரெட்லாக்கர் வேண்டாம், அப்புறம் சூடுகாட்டாமல் கழற்ற முடியாது.

அடுத்தது குழல் மடங்கும் மூட்டு. குழலை முழுக்க மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றி (இதுதான் காக் செய்வது), சேஃப்டி போட்டு, குழலைப் பாதித் திறப்பில் நிறுத்திப் பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். நிறுத்திய இடத்திலேயே நின்றால் சரி. தன் எடையில் தொங்கினால் மூட்டு போல்ட்டை இறுக்க வேண்டும். இங்கே ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: குழல் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு கை குழலிலேயே இருக்கட்டும். ட்ரிகர் நழுவிக் குழல் மூடிக்கொண்டால் பெல்லட் வைக்கும் விரல் போய்விடும்.

குழலும் ரப்பர் வாஷரும்

தொழிற்சாலையில் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் குழலுக்குள் இருக்கும். தூண்டில் நூலை இரண்டாக மடித்துக் குழலுக்குள் விட்டு, வளையத்தில் விரலகல பனியன் துணியைக் கோத்து, பெல்லட் வைக்கும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். முதல் நான்கைந்து துணி கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறமாகும், அங்கே நிறுத்தலாம். இரும்புக் கம்பி விட்டுக் குடைய வேண்டாம். எண்ணெயும் விட வேண்டாம். காற்று அறைக்குள் போன எண்ணெய் அழுத்தத்தின் சூட்டில் தீப்பற்றும். படார் என்ற சத்தமும் புகையும் அதனால்தான் வருகின்றன. புது ரைபிளில் முதல் நூறு இருநூறு குண்டுக்கு லேசான புகை வருவது சகஜம். அதுவரை குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) பார்த்து மனம் நொந்துகொள்ளாதீர்கள், வேகம் குண்டுக்குக் குண்டு மாறிக்கொண்டே இருக்கும்.

குழல் மூடும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டு, தடுப்பை நோக்கிச் சுடுங்கள். டிஷ்யூ துள்ளினால் காற்று கசிகிறது, வாஷரை மாற்றுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவே கூடாது: எதிரே காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய்க் காற்று அறையின் சுவரில் மோதும்.

பெல்லட்

25 மீட்டருக்கு மேல் உருண்டை முனை பெல்லட் மட்டும். தட்டை முனை பெல்லட் காகிதத்தில் அழகாக வட்டமாகத் துளை போடும், ஆனால் 10 மீட்டருக்கு மட்டும்தான் அது லாயக்கு. தூரம் கூடக் கூட ஆட்டம் கண்டுவிடும். 8 முதல் 8.7 கிரெய்ன் (சுமார் 0.52 முதல் 0.56 கிராம்) வரை மூன்று வகை வாங்கி, எது உங்கள் குழலுக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். இதை விலையை வைத்துச் சொல்ல முடியாது, சுட்டுத்தான் தெரியும்.

டப்பாவைக் கொட்டிப் பின்பக்கப் பாவாடை (விரிந்த ஓரம்) நசுங்கியவற்றைத் தள்ளுங்கள். மீதியை எடை போட்டு 0.53, 0.54, 0.55 என்று பிரித்து வையுங்கள். ஈயம் என்பதால் கை கழுவாமல் வடாபாவைத் தொடாதீர்கள்.

ஸ்கோப்

நிஜத் துப்பாக்கிக்குச் செய்த விலையுயர்ந்த ஸ்கோப் ஸ்பிரிங் ரைபிளில் சீக்கிரமே உடைந்துபோகலாம். கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், அது போய் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். ஒரு பக்க உதைக்கு மட்டும் கட்டிய ஸ்கோப்பின் உள்லென்ஸ்கள் இந்த இரட்டை உதையில் கழன்றுவிடும். ‘ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே சொல்வதை வாங்குங்கள். 3-9×40 அல்லது 4-12×40 (முதல் எண்கள் உருப்பெருக்கம், கடைசி எண் முன்லென்ஸின் மி.மீ. அகலம்), முன்லென்ஸில் தூரம் திருகும் வளையத்தோடு. அந்த வளையம் இல்லாவிட்டால் கண்ணை நகர்த்தும்போது குறிக்கம்பியும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு) நகரும்.

ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் ஒரே துண்டாக இருக்கட்டும். ரைபிளின் மேல்பள்ளம் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெய்ல் வகை, 21 மி.மீ. பிகட்டினி வகை மவுண்ட் அதில் உட்காராது. மவுண்டில் இருக்கும் நிறுத்துமுளை ரைபிளில் உள்ள துளையில் இறங்க வேண்டும். இல்லையென்றால் நூறு குண்டில் ஸ்கோப் பின்னால் நகர்ந்திருக்கும்; பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

மாட்டும் முறை இது. டரட்டை (ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுக் குமிழ்) ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி க்ளிக்குகளை எண்ணி, பாதிக்குத் திரும்பி வாருங்கள். மேல் கீழும் இடம் வலமும் அப்படியே. ஸ்கோப்பை மவுண்டில் வைத்து, கன்னம் இயல்பாகப் படும் இடத்தில் படம் முழுதாகத் தெரியும்வரை முன்பின் நகர்த்துங்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் 8 முதல் 10 செ.மீ. வரும். 10 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். ரசமட்டம் வைத்து ரைபிளை நேராக்கி, குறிக்கம்பியின் செங்குத்துக் கோடு நூலோடு பொருந்தும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். சுமாராகப் போதும் என்று விடக்கூடிய இடமில்லை இது. 5 டிகிரி சாய்ந்தாலே 50 மீட்டரில் 2 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் போகும். வளையத் திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள்.

மடக்குக் குழல் ரைபிள்கள் பலவற்றில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். டரட்டை முழுக்க மேலே ஏற்றியும் குண்டு கீழேயே விழுந்தால் இதுதான் காரணம். குளிர்பானக் கேனில் ஒரு பட்டை வெட்டிப் பின்வளையத்தின் அடியில் வையுங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இரு வளையத்துக்கும் 100 மி.மீ. இடைவெளி என்றால், ஒரு பட்டை குண்டை 10 மீட்டரில் 1 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. மேலேற்றும். மூன்று பட்டைக்கு மேல் தேவைப்பட்டால் ஸ்கோப் குழாய் வளையும். சரிவு மவுண்ட் வாங்குவதே மேல்.

பிடிக்கும் முறை

ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் குழலை விட்டுப் போவதற்கு முன்பே உதை தொடங்கிவிடுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் ரைபிள் ஒரே மாதிரி நகர வேண்டும். அதற்கு வழி, அதை நகர விடுவது. இறுக்கிப் பிடித்தால் நம் தசையின் இறுக்கம் ஒரு தடவை இருப்பதுபோல மறு தடவை இருக்காது.

மேசைமேல் மணல் பை, பையின்மேல் விரித்த உள்ளங்கை, அதன்மேல் ரைபிளின் எடை சமப்படும் இடம். விரல்கள் ஸ்டாக்கைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தோளில் லேசாகப் படட்டும், கன்னம் சும்மா சாயட்டும். நேராகப் பையின்மேலேயே வைத்துச் சுட்டால் குரூப் தனியாக ஓர் இடத்தில் விழும், அதை நம்பி ஜீரோ செய்யாதீர்கள், அதாவது குறியும் குண்டும் ஓரிடத்தில் சேரும்படி ஸ்கோப்பைத் திருத்தாதீர்கள். உள்ளங்கை இருக்கும் இடத்தை ஸ்டாக்கில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம், 2 செ.மீ. மாறினாலே குண்டு விழும் இடம் மாறும். ட்ரிகர் இழுத்தபின் ஒரு நொடி அப்படியே இருங்கள்.

ஜீரோ

தடுப்புக்குப் பழைய துணி இறுகத் திணித்த மரப்பெட்டி, அதன் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் மண்மேடு. பத்துக் குண்டு சும்மா சுட்டபின் 10 மீட்டரில் தொடங்குங்கள். மூன்று குண்டு சுட்டு, நடுவை அளந்து, டரட்டைத் திருப்புங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 10 மீட்டரில் 0.7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ., 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர்த்தும். ஒரு குண்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள், குண்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். 25, 30 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டுத்தான் திருப்ப வேண்டும்.

30 மீட்டரில் ஜீரோ வையுங்கள். வினாடிக்கு 240 மீட்டர் வேகம், ஸ்கோப் குழலுக்கு 4.5 செ.மீ. மேலே என்றால், 10 மீட்டரில் சுமார் 1 செ.மீ. கீழே, 20 மீட்டரில் அரை செ.மீ. மேலே, 40 மீட்டரில் 3 செ.மீ. கீழே, 50 மீட்டரில் 9 செ.மீ. கீழே விழும். கடைசித் தூரத்துக்கு ஏறத்தாழ 25 க்ளிக் ஏற்ற வேண்டும். இது கணக்கு மட்டுமே. ஒவ்வொரு தூரத்திலும் சுட்டு அளந்த எண்ணை எழுதி ஸ்டாக்கில் ஒட்டுங்கள், உங்கள் ரைபிளுக்கு அந்தக் காகிதம்தான் செல்லுபடியாகும்.

நல்ல ரைபிளும் பொருந்திய பெல்லட்டும் இருந்தால் 25 மீட்டரில் ஐந்து குண்டு 2.5 செ.மீ.க்குள், 50 மீட்டரில் 6 செ.மீ.க்குள் விழலாம். 25 மீட்டரில் அடங்காத ரைபிளை 50 மீட்டருக்குக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை.

காற்றைப் பற்றி ஓர் எண் போதும்: வினாடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்று, அதாவது ஊதுபத்திப் புகையைச் சாய்க்கிற அளவு, 50 மீட்டரில் சுமார் 3 செ.மீ. தள்ளும். 25 மீட்டரில் முக்கால் செ.மீ.தான். தூரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. இலக்குக்குப் பக்கத்தில் ஒரு நூல்கண்டு நூலைக் கட்டிவிட்டு, அது ஒரே மாதிரி ஆடும்போது மட்டும் சுடுங்கள். கடற்காற்று எழும் முன், காலை ஒன்பதுக்குள் வேலையை முடிப்பது உத்தமம்.

குரூப் திடீரென்று சிதறினால்

இந்த வரிசையில் பாருங்கள்: ஸ்டாக் திருகு, மவுண்ட் நகர்ந்திருக்கிறதா, புது பெல்லட் டப்பாவா, ரப்பர் வாஷர், குழல் அழுக்கு. எல்லாம் சரியாக இருந்தும் குண்டு இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்கோப் உள்ளே உடைந்திருக்கலாம். வேறு ஸ்கோப்பைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மழைக்காலம்

ஜூன் முதல் செப்டம்பர்வரை மும்பை ஈரம் இரும்பைத் தின்றுவிடும். சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு நிறுத்துங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். பெல்லட் டப்பாவையும் காற்றுப் புகாத டப்பிக்குள் போடுங்கள், வெள்ளைப் பொடி பூத்தவற்றைச் சுட வேண்டாம். மர ஸ்டாக் மழையில் உப்பும், அக்டோபர் வெயிலில் சுருங்கும். அதனால் மழை முடிந்து முதல் தடவை ரேஞ்சுக்குப் போகும்போது ஆலன் கீயைக் கொண்டுபோய், திருகுகளைச் சரிபார்த்து, 30 மீட்டர் ஜீரோவை மறுபடி போட வேண்டியிருக்கும்.