இரண்டாவது கையெழுத்தைப் போடுவது எப்படி?

அணுமின் நிலையத்தில் முக்கியமான வால்வு ஒவ்வொன்றின் நிலைக்கும் தாளில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும்: வால்வை அந்த நிலையில் வைத்தவருடையது ஒன்று, அதைச் சரிபார்ப்பவருடையது இன்னொன்று. புதிதாக ஷிஃப்டுக்கு வருபவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அந்த இரண்டாவது கையெழுத்தைத்தான். முதலாமவருடன் கூடவே நடந்து, அவர் கைகாட்டிய வால்வைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தால், நீங்கள் பேச்சுத்துணைக்குப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் 100க்கு ஒருமுறை தவறுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரையொருவர் சாராமல் பார்த்தால், இருவருமே தவறவிடுவது 10,000க்கு ஒன்று. மனிதத் தவறுகளைக் கணக்கிட ஸ்வெய்னும் குட்மனும் 1983இல் வெளியிட்ட கையேட்டின் சூத்திரப்படி, சார்பு அதிகமானால் முதலாமவர் தவறும்போது இரண்டாமவரும் தவற ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 10,000 அப்படியே 200க்கு இறங்கிவிடுகிறது. கையெழுத்து என்னவோ இரண்டுதான்!

ஆகவே, முதலாமவர் திரும்பிய பிறகு தனியாகப் போங்கள். அவர் குறியிட்ட தாளை வாங்காதீர்கள். தகட்டிலுள்ள எண்ணில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பக்கத்து யூனிட்டிலும் அச்சு அசலாக அதே வால்வு இருக்கும். கைச்சக்கரத்தை மூடும் திசையில் மெல்லத் திருப்புங்கள். அசைந்தால் திறந்திருக்கிறது, பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். இறுகிப்போன வால்வும் அசையாது என்பதால் தண்டின் உயரத்தையும் பாருங்கள். பாதி திறந்து வைக்கும் வால்வை மட்டும் பிறகு தனியாகப் போய்த் தொடக்கூடாது. அதற்கு இருவரும் உடனிருந்து, கை வைக்கும் முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டு அறை விளக்கைச் சாட்சியாக ஏற்கும் முன், அது எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அதிகாலை, அழுத்தம் விடுவிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது, விளக்கோ அணைந்திருந்தது. மூடச் சொல்லும் மின்கட்டளை அனுப்பப்பட்டதைத்தான் அது சொன்னது, வால்வு மூடியதை அல்ல. வெளியேறும் குழாய் சூடாகவே இருந்தது. அந்த வால்வு முன்பே கசிந்துகொண்டிருந்ததால் சூடு நிலையத்தை இயக்கியவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிய பிறகு, அப்போதுதான் வந்த மேற்பார்வையாளர் ஒருவர் சொல்லித்தான் அதே குழாயிலிருந்த தடுப்பு வால்வை மூடினார்கள். இயக்கியவர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அந்த விளக்கை வடிவமைத்தவர்கள்மீதுதான் கோபம். விளக்கோடு குழாயின் வெப்பம், வெளியேறுவது போய்ச் சேரும் வடிதொட்டியின் அழுத்தம் என இன்னொன்றையும் பாருங்கள்.

நிலை தவறாக இருந்தால் நீங்களே திருத்திவிடாதீர்கள். அப்படியே விட்டு, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். வேறொருவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கலாம்; அங்கே யாராவது வேலை செய்துகொண்டும் இருக்கலாம்.