முதல் விமானமே தாமதமானால்: வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பயணத்தில் வேறு எந்த நாளின் தாமதத்தையும்விட முதல் நாள் தாமதமே அதிகம் பாதிக்கும். இணைப்பு விமானம், தங்கும் விடுதி, முன்பணம் கட்டிய சுற்றுலா என்று அதன்பின் வருவன எல்லாம் அந்த ஒரு விமானத்தை நம்பியே கோக்கப்பட்டிருக்கின்றன. தாமதம் நம் கையில் இல்லை. ஆனால் மூன்று மணி நேரத் தாமதம் இரண்டு நாள் இழப்பாக வளர்வதற்குப் பெரும்பாலும் நம் முடிவுகளே இடம் கொடுக்கின்றன.

அவற்றில் பெரிய தவறு, புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே நடந்துவிடுகிறது. கட்டணம் குறைகிறது என்பதற்காக முதல் விமானத்துக்கு ஒரு நிறுவனத்திலும் அடுத்ததற்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சீட்டு வாங்கி, நடுவில் இரண்டு மணி நேரம் மட்டும் விட்டுவைக்கிறோம். ஒரே முன்பதிவில் எடுத்த பயணமாக இருந்தால், முதல் விமானம் பிந்தி இணைப்பு தவறும்போது மாற்று விமானத்தில் இடம் தருவது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனிச் சீட்டு என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை தானாகப் போகாது. குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டின் விசாவும் தேவைப்படலாம். தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள். கட்டணத்தில் மிச்சமாவது விடுதி வாடகைக்குப் போனாலும் அதுவே சரியான கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, பதற்றத்தில் செய்யும் தவறு. முதல் விமானம் எப்போது கிளம்புமோ என்று, சொந்தச் செலவில் வேறு சீட்டு வாங்கி விமானம் மாறும் ஊருக்குப் போய் இணைப்பு விமானத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். பல நிறுவனங்களின் விதிப்படி, முதல் கட்டத்தில் ஏறாதவரின் மீதிப் பயணம் முழுவதும், திரும்பி வரும் சீட்டு உட்பட, ரத்தாகிவிடும். மாற்றம் எதுவானாலும் நிறுவனத்தைக் கொண்டே சீட்டைத் திருத்தி வாங்க வேண்டும். அப்போது மாற்றுப் பாதை எந்த நாட்டின் வழியாகப் போகிறது என்றும் கேளுங்கள். அமெரிக்கா வழியாக மாற்றிக் கொடுத்தால், அங்கே விமானம் மட்டும் மாறுவதற்கும் விசாவோ முன் அனுமதியோ வேண்டும்.

பலகையில் நான்கு மணி நேரத் தாமதம் என்று கண்டதும் நுழைவாயிலை விட்டு வெகுதூரம் போய்விடக் கூடாது. மாற்று விமானம் கிடைத்தால் அந்த நேரம் முன்னே வந்துவிடும். விமானக் குழுவினரின் பணி நேரத்துக்குச் சட்ட வரம்பு இருப்பதால், அதைத் தாண்டினால் புதிய குழு வரும்வரை காத்திருக்க நேர்ந்து, நான்கு மணி நேரம் பத்தாக நீள்வதும் உண்டு.

ஒருமுறை என் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டேன். விமானம் பதினொரு மணி நேரம் பிந்தியது. பெட்டிகள் ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டதால் எடுத்துத் தர இயலாது என்றார்கள். இரவு மாத்திரை வேளையில் அம்மா கைப்பையின் சிறிய உறையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அன்றிலிருந்து மூன்று நாள் மருந்து, மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்று உடை ஆகியவை கைப்பையில் இல்லாமல் நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

எழுத்தில் எதையும் வாங்காமல் விடுவது பணத்தை இழக்கச் செய்யும் தவறு. பயணக் காப்பீட்டில் இழப்பீடு கோரும்போது, எத்தனை மணி நேரம், என்ன காரணத்தால் தாமதம் என்று நிறுவனம் தந்த கடிதத்தைக் கேட்பார்கள். அதை விமான நிலையத்திலேயே கேட்டு வாங்குவது எளிது. போர்டிங் பாஸையும், பெட்டிக்குக் கொடுக்கும் பட்டையின் துண்டையும் கடைசிவரை பத்திரமாக வையுங்கள். பெட்டி வரவில்லை என்றால் வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுன்ட்டரில் புகார் பதிந்து நகல் பெற வேண்டும். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானம் சேருமிடத்தை 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி அடைந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்க உரிமை உண்டு. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு அது பொருந்தாது.

விடுதிக்குத் தகவல் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். முதல் இரவு வராதவரின் முன்பதிவு முழுவதையும் சில விடுதிகள் ரத்து செய்துவிடும். எனவே அடுத்த விமானம் உறுதியானவுடன் விடுதியை அழைத்து, அங்குள்ள நேரப்படி எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று தெளிவாகச் சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.