ட்ரெமலோ கிட்டார் சுருதியில் நிற்கவில்லையா? என் அனுபவம்

சித்திரை மாதம் அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்கு மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் என் கிட்டார்தான் தொல்லை. ட்ரெமலோ ஆர்மை, அதாவது சுருதியை ஆட்டி வாசிக்க உதவும் கைப்பிடிக் கம்பியை, ஒருமுறை அமுக்கினால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. குழுவில் எல்லாரும் தந்தியை முறுக்கும் டியூனிங் கீயைத்தான் குறை சொன்னார்கள். பாவம், அதில் ஒன்றுமில்லை.

1954-ல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரின் அமைப்புதான் இதிலும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் மிதக்கும் பிரிட்ஜ் தராசு மாதிரி: முன்னால் ஆறு தந்திகளின் இழுவை, பின்னால் ஸ்பிரிங்குகளின் இழுவை. ஒரு தந்தியை ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கும். மெல்லிய 9 செட் தந்திகளுக்குப் பதில் கொஞ்சம் தடித்த 10 செட் மாட்டியதும் இழுவை கூடி பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது. பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகையும் கால் சுற்று முடுக்கினேன். பிறகு ஆறு தந்திக்கும் சுருதி. மறுபடி கால் சுற்று, மறுபடி சுருதி. பிரிட்ஜ் பழைய உயரத்துக்கு இறங்கும்வரை இதே கதைதான். டீ குடித்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை.

ஜி தந்தி மட்டும் அடம்பிடித்தது. கீயைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் கட்டை) பள்ளத்தில் தந்தி சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தேன், வழுக்கியது. புதுத் தந்தியைக் கையால் இழுத்து இழுத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்கணும். அதுவும் கீழிருந்து மேலே ஏற்றித்தான்.

ஆர்மை மேலே இழுத்து வாசிக்காதவர்கள் ஸ்பிரிங்கை இன்னும் முடுக்கி, பிரிட்ஜை கிட்டாரின் உடம்போடு ஒட்ட உட்கார வைத்துவிடலாம். மேடையில் ஒரு தந்தி அறுந்தாலும் மிச்சம் ஐந்தும் சுருதியில் நிற்கும்.